மார்பகப் புற்றுநோயும் உடலியக்கமும்: கைப்பேசியின் துணையோடு நடப்பது எப்படி?

சுருக்கமாக

- மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும்போதும், பெற்று முடித்த பின்னரும், பெரும்பாலானோர் பாதுகாப்பாக நடக்கலாம். எளிய உடற்பயிற்சிகளையும் செய்யலாம்.
- முறையான உடலியக்கம் சோர்வையும் மனக்கவலையையும் குறைத்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை உயர்த்துகிறது.
- கைப்பேசி, கையில் கட்டும் பட்டை, காணொளி, நினைவூட்டும் மணி ஆகியவை இதற்குத் துணை புரியும். சாதாரண பட்டன் போனே போதுமானது.
- கருவி காட்டும் எண்ணைவிட உங்கள் உடல் சொல்வதே முக்கியம். தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ஒப்புதல் பெறவும்.

இந்தப் பக்கம் யாருக்காக?

2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்று உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. இந்தியாவில் அவ்வெண்ணிக்கை சுமார் 1,92,000. இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வரலாம். இங்குக் கூறப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

சிகிச்சை வசதிகள் பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டை போன்ற ஓர் ஊரிலிருந்து சென்று அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றுத் திரும்பும் ஒருவருக்கு, அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கு இடையே மூன்று வாரங்கள், சில வேளைகளில் மூன்று மாதங்கள்கூட ஆகிவிடுகின்றன. அந்த இடைவெளியில் எவ்வளவு நடக்கலாம், கையை உயர்த்தலாமா, குடம் தூக்கலாமா என்ற ஐயங்களுக்கு விடை சொல்ல அருகில் எவரும் இருப்பதில்லை. விடை தெரியாதபோது பலரும் பாதுகாப்பு என்று எண்ணித் தேர்ந்தெடுப்பது படுக்கையையே. வீட்டாரும் அன்பின் காரணமாக எல்லா வேலைகளையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். சில வாரங்களில் தசைகள் மெலிந்து, தோள் இறுகி, சோர்வு மேலும் கூடுகிறது. அச்சோர்வு நோயால் வந்தது என்று கருதி, மீண்டும் படுக்கிறார்கள். இந்தச் சுழலை உடைக்க உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

உடலியக்கத்தால் என்ன பயன்?

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. புற்றுநோயாளிகள் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடங்கள் மிதமான வேகத்தில் நடப்பது போன்ற பயிற்சியைக் குறைந்தது 8 முதல் 12 வாரங்கள் செய்தால், சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைந்து, உடல்திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்படுகின்றன என்பது அதன் முடிவு.

மார்பகப் புற்றுநோயில் இதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் மூட்டுவலியையும் எலும்பு மெலிவையும் உண்டாக்கக்கூடும். மூட்டுவலி தாளாமல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. இது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும் செயல். நடைப்பயிற்சி அவ்வலியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்க உதவும். சிகிச்சைக் காலத்தில் பலருக்கு உடல் எடை கூடுகிறது; அதைக் கட்டுக்குள் வைக்கவும் இயக்கம் தேவை.

ஒன்றை நினைவில் கொள்ளவும். உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணையாகும், அதற்கு மாற்றாகாது. நடக்கிறேன் என்பதற்காகக் கீமோதெரபியையோ கதிர்வீச்சையோ மாத்திரையையோ தவிர்க்கக் கூடாது.

எவ்வளவு இயங்க வேண்டும்?

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. இது சென்று சேர வேண்டிய இடம், தொடங்கும் இடமன்று. சிகிச்சையில் இருப்பவர் ஐந்து நிமிட நடையில் தொடங்கினாலும் அது பயனுள்ளதே.

"மிதமான" என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நடக்கும்போது உங்களால் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும். தடையின்றிப் பாட முடிந்தால் சற்று விரைவாக நடக்கலாம்.

"நான் நாள் முழுவதும் வீட்டுவேலை செய்கிறேன், தனியாக ஏன் நடக்க வேண்டும்?" என்ற கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். வாசல் பெருக்குவதும் துணி துவைப்பதும் உடலியக்கமே. ஆனால் இடைவிடாமல் பத்து நிமிடங்கள் ஒரே சீராக இயங்குவது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் தரும் பயன் தனியானது. மேலும், அந்தப் பத்து நிமிடங்கள் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை.

தொழில்நுட்பம் எவ்வாறு உதவுகிறது?

கருவிகள் நான்கு வகையில் துணை செய்கின்றன.

1. அளத்தல்: இன்று எவ்வளவு நடந்தோம் என்பதை மனம் பெரும்பாலும் தவறாகவே கணிக்கிறது. கருவி எண்ணிக் காட்டுகிறது.
2. நினைவூட்டல்: குறித்த நேரத்தில் மணி அடித்து எழுப்புகிறது.
3. கற்பித்தல்: தோள், கைப் பயிற்சிகளைக் காணொளியில் பார்த்துச் செய்ய முடிகிறது.
4. தொடர்பு: மருத்துவப் பணியாளர், உறவினர், ஒத்த நோயுள்ள பிறர் ஆகியோருடன் பேச வழி செய்கிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. சிகிச்சை முடித்த, மாதவிடாய் நின்ற 83 பெண்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கையில் கட்டும் பட்டையும், இலக்கு வகுப்பதற்கான ஆலோசனையும், தொலைபேசி வழி ஊக்கமும் 12 வாரங்களுக்கு வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினரோடு ஒப்பிடுகையில், இவர்களது மிதமான மற்றும் தீவிர உடலியக்கம் வாரத்திற்கு 69 நிமிடங்கள் கூடியது. பட்டையோடு ஒரு மனிதக் குரலும் சேர்ந்திருந்தது என்பதை இங்குக் கவனிக்கவும். வாங்கிக் கொடுத்த கருவி சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் போய்விடலாம். "இன்று எவ்வளவு நடந்தீர்கள்?" என்று கேட்கும் ஒருவர் இருந்தால் அது கையில் நிலைக்கும்.

எந்தக் கருவி தேவை?

*பட்டன் போன்:* காலையும் மாலையும் ஒலிக்கும்படி இரண்டு மணிகளை அமைக்கவும். முதல் மணி அடித்ததும் வெளியே செல்லவும். ஐந்து நிமிடம் கழித்து ஒலிக்கும் இரண்டாவது மணி கேட்டதும் வீட்டை நோக்கித் திரும்பவும். மொத்தம் பத்து நிமிட நடை முடிந்துவிடும். தொலைவிலேயே களைத்துப் போய் நிற்கும் நிலையும் நேராது. நடந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

*ஸ்மார்ட்போன்:* இதனுள் இருக்கும் உணர்வி, உடலின் அசைவைக் கொண்டு அடிகளை எண்ணுகிறது. இந்திய அரசின் ஃபிட் இந்தியா செயலி உள்ளிட்ட பல செயலிகள் இதைக் கட்டணமின்றிக் காட்டுகின்றன. போன் உங்கள் உடலோடு இருந்தால் மட்டுமே அது எண்ணும். அலமாரியில் இருக்கும் போன் எதையும் எண்ணாது. சேலை உடுத்துபவர்கள் போனைச் சுருக்குப்பையில் இட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை செய்த பக்கத் தோளில் கனமான பையை மாட்ட வேண்டாம்.

*கையில் கட்டும் பட்டை:* இது கட்டாயத் தேவை அன்று. வாங்கினால், அறுவை சிகிச்சை நடைபெறாத பக்கக் கையில், இறுக்கமின்றிக் கட்டவும். இரு பக்கமும் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவரைக் கேட்கவும். கையில் குடம் பிடித்து நடக்கும்போதும், சைக்கிளைத் தள்ளிச் செல்லும்போதும் கை அசைவதில்லை. ஆதலால் பட்டை குறைவாக எண்ணும். அது காட்டும் இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் மருத்துவப் பரிசோதனை முடிவுகளாகக் கொள்ள வேண்டாம்.

10,000 அடிகள் கட்டாயமா?

இல்லை. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தது. அந்த எண் அவ்வழியே உலகெங்கும் பரவியது. அது நோயாளிகளுக்காக வகுக்கப்பட்ட மருத்துவ இலக்கு அன்று. உங்கள் இலக்கு உங்கள் இப்போதைய நிலையிலிருந்து பிறக்க வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள்: ஓர் எடுத்துக்காட்டு

கீமோதெரபி முடித்து வீட்டில் இருக்கும் ஒருவர், வழக்கம்போல இருந்துகொண்டே ஏழு நாட்கள் தம் அடிகளைக் குறித்து வைப்பதாகக் கொள்வோம். 1,800, 2,400, 900, 2,100, 2,600, 2,000, 2,200 என்பன அவை. மொத்தம் 14,000, ஒரு நாளின் சராசரி 2,000. இதுவே அவரது தொடக்கப் புள்ளி.

- முதல் வாரம்: நாளொன்றுக்கு 2,000. எண்ணைக் கூட்டாமல், நடக்கும் நேரத்தை மட்டும் உறுதி செய்தல்.
- இரண்டாம் வாரம்: 2,300.
- மூன்றாம் வாரம்: 2,600.
- நான்காம் வாரம்: 3,000.

இடையில் காய்ச்சலோ, சிகிச்சை நாளோ, வீட்டில் விசேஷமோ வந்தால் எண் குறையும். அது தோல்வி அன்று. உடல் தேறியதும் முந்தைய வாரத்தின் இலக்கிலிருந்து மீண்டும் தொடங்கவும். கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் சோர்வு மிகுந்திருக்கும். அந்நாட்களில் வீட்டுக்குள்ளேயே சில முறை எழுந்து நடந்தால் போதும்.

வெயில் கடுமையான மாதங்களில் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெளியே நடக்க வேண்டாம். தண்ணீர் எடுத்துச் செல்லவும். இருட்டில் நடக்க நேர்ந்தால் போனின் விளக்கைப் பயன்படுத்தவும். சில கீமோதெரபி மருந்துகளால் பாதங்களில் மரத்துப்போன உணர்வு ஏற்படலாம். அவ்வாறானால் செருப்பின்றி நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாமல் போகும்.

தெருவில் நடக்கக் கூச்சமாக உள்ளது, தலைமுடி உதிர்ந்ததைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்வோர் உண்டு. இது பொருட்படுத்த வேண்டிய துன்பமே. வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ திண்ணை ஓரத்திலோ நடந்தாலும் அடிகள் அடிகளே. ஒரே இடத்தில் நின்றபடி கால்களை மாற்றி மாற்றி உயர்த்தினாலும் பயன் உண்டு.

கை வீங்கிவிடுமோ என்ற அச்சம்

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்கும், அப்பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் கையில் நிணநீர் வீக்கம் ஏற்படலாம். இதனால் "அந்தக் கையில் எதையும் தூக்காதே" என்ற அறிவுரை நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே வீக்கமுள்ள 141 பெண்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, கண்காணிப்புடன், சிறிது சிறிதாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தனர். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாகும் நிகழ்வுகளும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன.

ஆகவே, கையை முற்றிலும் முடக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம்.

- அறுவை சிகிச்சை முடிந்த தொடக்க நாட்களில் விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகள். தோளுக்கு மேல் கையை உயர்த்துவது மருத்துவர் அனுமதித்த பின்னரே.
- காயம் ஆறியதும் சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் பயிற்சி.
- எடை தூக்கும் அனுமதி கிடைத்ததும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம். அது ஏறக்குறைய அரை கிலோ எடை. உடல் பழகிய பின்னரே அடுத்த படி.
- மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இரு கைகளின் சுற்றளவையும் ஒரே இடங்களில் அளந்து போனில் குறித்து வைக்கவும். வேறுபாடு கூடினாலோ, வளையல் இறுகினாலோ, கை கனத்தாலோ மருத்துவரிடம் காட்டவும்.

காணொளியைப் பார்த்துப் பயிற்சி செய்வதற்கு முன், அது உங்களுக்கு ஏற்றதுதானா என்று இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கவும்.

எப்போது நடக்கக் கூடாது?

கீழ்க்காண்பவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெறவும்.

- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். கீமோதெரபி காலத்தில் இது அவசர நிலை. மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.
- நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு.
- ஒரு காலிலோ கையிலோ திடீர் வீக்கம், சிவப்பு, சூடு, வலி.
- முதுகெலும்பிலோ இடுப்பிலோ புதிதாகத் தோன்றிய, இரவிலும் தொடரும் வலி, கால்களில் பலவீனம்.
- காரணமின்றி இரத்தக்கசிவு, உடலில் நீல நிறத் தழும்புகள்.

நோய் எலும்புக்குப் பரவியிருப்பவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், இரத்த அணுக்களின் அளவு மிகக் குறைந்தவர்கள் ஆகியோர் தமக்கென வகுக்கப்பட்ட பயிற்சியை மட்டுமே செய்ய வேண்டும்.

உடனிருந்து கவனிப்பவர்களுக்கு

பல வீடுகளில் ஸ்மார்ட்போன் மகனிடமோ மகளிடமோதான் இருக்கிறது. நாளில் ஒரு மணி நேரமாவது அது அம்மாவின் கையில் இருக்கட்டும். எழுத்துகளைப் பெரிதாக்கி, தமிழில் அமைத்துக் கொடுக்கவும். ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அவரே மூன்று முறை செய்து பார்க்கும் வரை அருகில் இருக்கவும்.

சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை செய்யும் பிள்ளைகளும் துணை நிற்கலாம். மாலை நேர வாட்ஸ்அப் அழைப்பை அம்மா நடக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டால், பேசிக்கொண்டே பத்து நிமிடம் கடந்துவிடும். அவர் பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையும் நீங்கள் அறியலாம்.

எண்ணைக் கொண்டு கண்டிக்க வேண்டாம். "நேற்று 3,000, இன்று ஏன் 1,000?" என்ற கேள்வி, போனை ஒளித்து வைக்கச் செய்யும். "இன்று உடம்பு எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்கவும். முடிந்தால் உடன் நடக்கவும்.

இணையத்தில் கவனம்

உடற்பயிற்சிக் காணொளியைத் தேடும்போது, புற்றுநோயை ஒரே மூலிகையில் குணமாக்குவதாகக் கூறும் காணொளிகளும் வரும். அவற்றை நம்பிச் சிகிச்சையை நிறுத்தியவர்கள், நோய் முற்றிய நிலையில் திரும்பி வருவதை மருத்துவர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். மருத்துவமனைகளும் அரசு நிறுவனங்களும் வெளியிடும் காணொளிகளையே பின்பற்றவும். அடிகளை எண்ணும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களோ படங்களோ தேவையில்லை. அனுமதி கேட்டால் மறுக்கவும். பரிசோதனை அறிக்கைகளைப் பொதுக் குழுக்களில் பகிர வேண்டாம். ஓடிபி எண்ணை எவரிடமும் கூற வேண்டாம்.

உதவி எங்கே கிடைக்கும்?

- ஆரம்ப சுகாதார நிலையம்: இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச் சோகை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு நடைப்பயிற்சியைத் தொடங்கலாம். உங்கள் சிகிச்சைக் கோப்பை உடன் எடுத்துச் செல்லவும்.
- மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் கூறவும்.
- இ-சஞ்சீவனி: ஸ்மார்ட்போன் வழியாக மருத்துவரிடம் காணொளியில் ஆலோசனை பெறும் அரசுச் சேவை.
- 104: மருத்துவத் தகவலுக்கும் ஆலோசனைக்கும்.
- 14416: மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் சேவை. அச்சமும் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால் தயங்காமல் அழைக்கவும்.
- 108: அவசர ஊர்திக்கு.
- நடப்போம் நலம் பெறுவோம்: 2023 நவம்பரில் தமிழகமெங்கும் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. முழுத் தொலைவையும் நடக்க வேண்டியதில்லை. முடிந்த அளவு போதும்.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. நான் இப்போது எவ்வளவு நேரம் நடக்கலாம்?
2. கையை எந்த உயரம் வரை தூக்கலாம்? எவ்வளவு எடை சுமக்கலாம்?
3. என் எலும்பும் இதயமும் எந்நிலையில் உள்ளன?
4. எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்?

இந்நான்கு கேள்விகளையும் போனில் குரல் பதிவாகச் சேமித்துக்கொள்ளவும். மருத்துவர் கூறும் விடைகளையும் அவரது அனுமதியுடன் பதிவு செய்துகொண்டால், வீட்டிற்கு வந்த பின் மீண்டும் கேட்கலாம்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவானது. அக்காலத்தில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்று நம்பச் செய்வதே பெரும்பாடாக இருந்தது. இன்று சிகிச்சை முடித்து வீடு திரும்புவோர் பலர். திரும்பியவர் மீண்டும் கோயிலுக்கு நடக்கவும், சந்தைக்குப் போகவும், பேரக்குழந்தையைத் தூக்கவும் இயல வேண்டும். அதற்கான பயிற்சியை நாளைக் காலை ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். இன்றிரவே போனில் மணியை அமைத்து வைக்கவும்.

*இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறவும்.*